இருமொழி வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கணக்கு: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைத் தயார்படுத்த முழுமையான வழிகாட்டி

இது மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவன (டயட்) விரிவுரையாளர்களுக்கும் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் எழுதப்பட்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. பல தொடக்கப்பள்ளிகளில் இரு வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் உண்டு. திருப்பூருக்குப் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தியும் ஒடியாவும் பேசுகிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. அந்த ‘இயன்றவரை’ எவ்வளவு தூரம் போகும் என்பது ஆசிரியரின் தயாரிப்பைப் பொறுத்தது.

இந்த வகுப்புகளில் நடக்கும் அநியாயம் சட்டென்று கண்ணில் படாது. மொழி புரியாத பிள்ளைக்கு ‘கணக்கு வராது’ என்று பெயர் வந்துவிடுகிறது. அதன்பிறகு அவளுக்கு எளிய கணக்காகப் பார்த்துக் கொடுக்கிறார்கள், யோசிக்க வைக்கும் கணக்கு அவள் பக்கம் வருவதே இல்லை. இதற்கு நேர்மாறாக, கணக்கே புரியாத பிள்ளையை ‘இங்கிலீஷ்தான் பிரச்சினை’ என்று விட்டுவிடுவதும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்த ஆசிரியரை உருவாக்குவதுதான் இந்தப் பயிற்சியின் வேலை. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

தொடங்கும் முன்

90 நிமிடம் வீதம் 10 அமர்வுகள், வாரத்துக்கு ஒன்று. ஒரு குழுவில் 20 முதல் 24 பேர். ஐந்து நாள் தொடர் பயிற்சியாக நடத்தினால் இது பலிக்காது, ஏனென்றால் ஒவ்வொரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆசிரியர் பிள்ளைகளிடம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். டி.எல்.எட். (தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு) மாணவ ஆசிரியர்களாக இருந்தால் இருவர் இருவராகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் அருகிலுள்ள பள்ளியில் 3 அல்லது 4-ஆம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரை ஒப்படையுங்கள். அந்த நால்வரிடமும் சேர்த்துக் குறைந்தது இரண்டு வீட்டுமொழிகள் இருக்கட்டும். பருவம் முழுவதும் அதே நால்வர். பிள்ளைகளை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளையின் யோசனையும் ஆசிரியருக்குப் பிடிபடாது.

பொருட்கள் அதிகம் வேண்டாம். ஜோடிக்கு 200 ஐஸ் குச்சி, 20 ரப்பர் பேண்ட், ஒரு மீட்டர் நாடா, கோடு போடாத நோட்டு, குரல் பதியும் வசதியுள்ள போன். பதிவு செய்யும் முன் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்கிவிட வேண்டும்.

படி 1: தெரியாத மொழியில் ஒரு கணக்கு (அமர்வு 1)

குழுவில் யாருக்கும் தெரியாத ஒரு மொழியில், 4-ஆம் வகுப்புத் தரத்தில் ஒரு வாழ்க்கைக் கணக்கைச் சொல்லுங்கள். அந்த மொழி பேசும் ஒருவரை அழைத்துச் சொல்ல வைப்பது நல்லது. முதலில் வெறும் பேச்சு, அடுத்து அதே கணக்கு படத்தோடும் கைச்சாடையோடும் பொருட்களோடும். ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம். இரண்டு முறையும் ஆசிரியர்கள் விடையை எழுதித் தர வேண்டும்.

இது பெரும்பாலும் சிரிப்பும் கும்மாளமுமாக முடிந்துவிடும். அப்படி விடாமல், அடுத்த 40 நிமிடத்தை ஒரே கேள்விக்கு ஒதுக்குங்கள்: விடையை எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? ‘இரண்டு எண் இருந்தது, கூட்டிவிட்டேன்’ என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். வகுப்பில் பிள்ளைகள் தினமும் செய்வது இதைத்தான். படம் காட்டியபோது எது புரிந்தது, எது அப்போதும் புரியவில்லை என்று பட்டியல் போடுங்கள். ‘விட’, ‘மீதி’, ‘ஒவ்வொருவருக்கும்’ போன்ற உறவுச் சொற்களைப் படம் காப்பாற்றாது. அது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

படி 2: ஆசிரியரின் சொந்தக் கணக்கு (அமர்வு 2, 3)

இதைத் தவிர்க்கவே பலரும் விரும்புகிறார்கள், ஆசிரியர்கள் சங்கடப்படுவார்கள் என்று. ஆனால் தனக்கே ஒரு வழி மட்டும் தெரிந்த ஆசிரியரால், பிள்ளை வேறு மொழியில் வேறு வழியில் சொல்வதைப் பின்தொடர முடியாது.

கொடுக்க வேண்டிய கணக்கு: 1¾ ÷ ½. விடை மட்டும் போதாது. இதற்குப் பொருந்தும் கதை ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். தலைகீழாக்கிப் பெருக்கி மூன்றரை என்று எல்லோரும் போட்டுவிடுவார்கள். கதையில்தான் சிக்கல் வெளிவரும். ‘ஒன்றே முக்கால் லிட்டர் பாலை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால்’ என்று எழுதுபவர்கள் அரையால் வகுப்பதை விட்டு இரண்டால் வகுக்கிறார்கள். விடை எட்டில் ஏழு லிட்டர் ஆகிவிடும். ‘அரையால் வகு’ என்பதும் ‘பாதியாக்கு’ என்பதும் காதில் ஒன்றுபோல விழுவதே இதற்குக் காரணம்.

சரியான கதை: ஒன்றே முக்கால் லிட்டர் பால் இருக்கிறது, அரை லிட்டர் பாக்கெட்டாக நிரப்பினால் எத்தனை பாக்கெட்? மூன்று பாக்கெட் நிரம்பும், கால் லிட்டர் மிஞ்சும். இங்கே இன்னொரு தடுக்கல்: விடையை 3¼ என்று எழுதுவார்கள். மிஞ்சியது லிட்டரில் கால்தான், ஆனால் பாக்கெட்டில் அரை. எதன் கால், எதன் அரை என்று கேட்கும் பழக்கம் ஆசிரியருக்கு இங்கேயே வந்துவிட வேண்டும். இதைப் படம் போட்டு, பேசித் தீர்க்க ஒரு மணி நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

மூன்றாம் அமர்வில் 402 − 178. மூன்று ஜோடிகளின் குச்சிகளைச் சேர்த்துக் கட்டுகளாக்கிச் செய்து, நடுவிலுள்ள பூஜ்யத்தில் ‘கடன் வாங்குவது’ என்றால் உண்மையில் எந்தக் கட்டை அவிழ்க்கிறோம் என்று சொல்லச் சொல்லுங்கள். கூடவே, 178-லிருந்து 402 வரை ஏறி எண்ணும் வழியையும் கேளுங்கள்: 2, 20, 200, 2, ஆக 224.

படி 3: மொழி கணக்கைத் திருப்பிப் போடும் இடங்கள் (அமர்வு 4)

எந்த மொழியும் கணக்குக்குக் குறைந்ததில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் உதவும், ஓர் இடத்தில் வழுக்கும். அந்த இடங்கள் ஆசிரியருக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

பின்னம்தான் முதல் இடம். தமிழில் ‘மூன்றில் இரண்டு’ என்று பகுதி (கீழ் எண்) முன்னால் வரும். ஆங்கிலத்தில் ‘டூ தேர்ட்ஸ்’ என்று தொகுதி (மேல் எண்) முன்னால். காதில் கேட்ட வரிசையில் மேலிருந்து எழுதும் பிள்ளை, தமிழில் கேட்டால் 3/2 என்று எழுதும். அதற்குப் பின்னம் தெரியாது என்று முடிவு கட்டக் கூடாது. மூன்றாக மடித்த காகிதத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். சரியாகத் தீட்டினால் கருத்து இருக்கிறது, எழுதும் வரிசை மட்டும்தான் பாக்கி. உண்மையில் மூன்று பங்கு போட்டு அதில் இரண்டை எடு என்ற செயலின் வரிசையைத் தமிழ் அப்படியே சொல்கிறது. ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கும் முதலில் அதையே சொல்லிக் கொடுக்கலாம். எல்லாப் பின்னத்தையும் ‘டூ பை த்ரீ’ என்று வாசித்துப் பழக்குவதை மட்டும் நிறுத்துங்கள், அதில் எந்தப் பொருளும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

கழித்தலிலும் இதே கதை. ‘எட்டிலிருந்து மூன்றைக் கழி’ என்பதை வரிசையாக எழுதினால் 8 − 3. ‘சப்ட்ராக்ட் த்ரீ ஃப்ரம் எயிட்’ என்பதை வரிசையாக எழுதினால் 3 − 8.

எண்ணுப் பெயர்களில், ஆங்கிலத்தின் லெவனும் ட்வெல்வும் பத்தைக் காட்டுவதே இல்லை. தர்ட்டீனும் தர்ட்டியும் காதில் குழம்பும். தமிழில் பதினொன்று, பன்னிரண்டு என்று பத்து முன்னாலேயே நிற்கிறது. ஆனால் தொண்ணூறுக்கு வந்தால் தமிழ் மாறிவிடும். எழுபது, எண்பது என்று வந்த பிள்ளை, அடுத்த பத்தில் ‘நூறு’ என்ற ஒலியைக் கேட்கிறது. தொள்ளாயிரத்திலும் அதே சிக்கல், அங்கே ‘ஆயிரம்’ ஒலிக்கிறது. 90-க்கும் 900-க்கும் தனியாக ஒரு பாடவேளை குச்சிக் கட்டோடு செலவிடுவது வீண் அல்ல.

இந்தி பேசும் பிள்ளைகளுக்கு வேறு சுமை. 29 உன்தீஸ், 39 உன்தாலீஸ், 49 உன்சாஸ்: அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்ற முறையில் பெயர் அமைந்திருக்கிறது. ஒடியாவிலும் வங்கத்திலும் இந்தச் சாயல் உண்டு. எண்களின் பெயரைத் தனித்தனியே நினைவில் வைத்த அந்தப் பிள்ளைக்கு, தமிழ் எண்ணுப் பெயர் பெரும்பாலும் எளிதாகவே வரும். தடுமாற்றம் வீட்டுமொழி எண்ணுப் பெயரிலிருந்து எழுதும் எண்ணுக்கு மாறும் இடத்தில்தான்.

நேரம் சொல்வது இன்னொன்று. ‘ஐந்தே முக்கால்’ என்பது ஐந்திலிருந்து முன்னேறுகிறது. ‘க்வார்ட்டர் டு சிக்ஸ்’ ஆறிலிருந்து பின்னால் வருகிறது. கடிகாரத்தில் இரண்டையும் கையால் காட்டச் சொன்னால் போதும்.

இங்கே ஒரு முக்கியமான குறிப்பு. பேசும் மொழியும் எண்ணும் மொழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தமிழ் மட்டும் பேசும் வீட்டுப் பிள்ளைகூட ‘ட்வென்ட்டி ஃபைவ்’ என்று சொல்லிவிட்டு, ‘இருபத்தைந்து’ என்றால் ஒரு கணம் நிற்கும். ஆகவே பள்ளிப் பதிவேட்டிலுள்ள தாய்மொழியை நம்பி உட்காராமல், ஒவ்வொரு பிள்ளையையும் 25 பொருளை எண்ணச் சொல்லி, எந்த மொழியில் எண்ணுகிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 4: பிள்ளையிடம் கேட்டறிதல் (அமர்வு 5, 6)

ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் 1977-ல் வெளியிட்ட முறை இதற்கு இன்றும் நன்றாகப் பொருந்துகிறது. தவறாகச் செய்த கணக்கைத் திரும்பக் கொடுத்து ஐந்து கேள்வி கேட்க வேண்டும்: இதை வாசி. என்ன கேட்டிருக்கு? எப்படிச் செய்யப்போற? செய்துகாட்டு, செய்யச் செய்யச் சொல்லிக்கிட்டே வா. விடையை எழுது. வாசிப்பு, புரிதல், கணக்காக மாற்றுதல், செய்முறை, விடை எழுதுதல் ஆகிய ஐந்தில் எந்த இடத்தில் முதலில் தடுக்கிறதோ அதுவே பிழையின் இடம்.

இருமொழி வகுப்புக்கு இதில் ஒரு வேலையைச் சேர்க்க வேண்டும்: தடுக்கிய இடத்தில் அதே கணக்கை வீட்டுமொழியில் சொல்லிப் பார்ப்பது. ஓர் எடுத்துக்காட்டு. மீனாவிடம் 24 மணிகள், அது ரவியிடம் இருப்பதைவிட 6 அதிகம், ரவியிடம் எத்தனை? ஆங்கிலத்தில் கொடுத்தால் பிள்ளை 30 என்கிறது.

‘என்ன கேட்டிருக்குன்னு சொல்லு கண்ணு.’

‘மோர்னா ப்ளஸ் டீச்சர்.’

இப்போது தமிழில்: ‘மீனாகிட்ட 24 மணி இருக்கு. ரவிகிட்ட இருக்கறதைவிட இது 6 அதிகம். அப்ப ரவிகிட்ட?’ பிள்ளை யோசித்து 18 என்றால், ஆங்கில வாக்கியம்தான் மறைத்திருக்கிறது. அவளுக்குத் தேவை மொழி உதவி. எளிய கணக்கு தேவையில்லை. தமிழிலும் 30 என்றே சொன்னால், ‘அதிகம்’ என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டும் பழக்கம் அது. இங்கே மொழிபெயர்த்துப் பயனில்லை. இரண்டு பட்டை வரைந்து, யாருடைய பட்டை நீளம் என்று முதலில் முடிவு செய்ய வைக்க வேண்டும்.

ஒவ்வொரு ஜோடியும் நான்கு பிள்ளைகளிடமும் இப்படி ஒரு பேட்டி எடுத்து, பதிவை அமர்வுக்குக் கொண்டுவரட்டும். ஒரு பேட்டி 15 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். பதிவைக் கேட்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது பிள்ளையைவிட ஆசிரியரை. பெரும்பாலானவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, ‘பிள்ளை அடுத்து என்ன சொல்லியிருக்கும்?’ என்று கேளுங்கள். அதற்கு இனி யாராலும் பதில் சொல்ல முடியாது, அந்த வாய்ப்பு போய்விட்டது என்பது ஆசிரியருக்கு உறைக்கும்.

படி 5: பாடத்தை அமைத்தல் (அமர்வு 7, 8)

40 நிமிடப் பாடவேளையில் ஒரே ஒரு கணக்கு. ஒன்றா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். ஒன்றுதான். முதல் வாசிப்பில் எண்களும் கேள்வியும் கிடையாது: ‘மீனாவிடம் மணிகள் இருக்கின்றன. அவளிடம் ரவியைவிட அதிகம்.’ என்ன நடக்கிறது என்று எந்த மொழியிலும் சொல்லலாம், நடித்தும் காட்டலாம், 5 நிமிடம். இரண்டாம் வாசிப்பில் எண்கள் வரும், கேள்வி வராது. என்ன கேட்கலாம் என்று பிள்ளைகளே கேள்வி உண்டாக்கட்டும், 6 நிமிடம். பிறகு கேள்வியை எழுத 2 நிமிடம், தனியாக யோசிக்க 4, ஜோடியாகப் பேச 9, இரண்டு வழிகளைக் கரும்பலகையில் ஒப்பிட 10, கடைசி 4 நிமிடம் நோட்டில் பாடமொழியில், அதாவது பிள்ளையின் பயிற்றுமொழியில், ஒரு வாக்கியம்.

மொழித் திட்டம் பாடக்குறிப்பிலேயே இருக்க வேண்டும். யோசிப்பதும் ஜோடிப் பேச்சும் பிள்ளைக்கு வசதியான மொழியில். ஒரே வீட்டுமொழிப் பிள்ளைகள் இருவர் ஜோடியில் இருந்தால் நல்லது. பொதுப் பேச்சில் பிள்ளை தமிழில் சொன்னதை ஆசிரியர் பாராட்டி, அதையே பாடமொழியில் ஒரு முறை திருப்பிச் சொல்லி, ‘நீ சொன்னது இதுதானே?’ என்று பிள்ளையிடமே உறுதி கேட்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் யோசனை ஆசிரியருடையதாகிவிடும்.

மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, ஆங்கிலத்தில் ஒரு வரி, உடனே தமிழில் அதே வரி என்று பாடம் முழுக்க ஓட்டுவது. பிள்ளைகள் ஆங்கில வரியைக் காதில் வாங்காமல் தமிழுக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். இரண்டு மொழியும் பாடத்தில் இருக்கட்டும், ஆனால் வேறு வேறு வேலைக்கு.

‘எத்தனை நாளைக்கு இந்த உதவி?’ என்ற கேள்வியும் வரும். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே அன்றாடப் பேச்சுக்கான மொழியையும் பாடம் படிக்கத் தேவைப்படும் மொழியையும் பிரித்துக் காட்டினார். விளையாட்டில் சரளமாகப் பேச ஓரிரு ஆண்டு போதும், பாடத்துக்கான மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகலாம். 3-ஆம் வகுப்பில் ‘இப்பத்தான் நல்லாப் பேசறாளே’ என்று உதவியை நிறுத்துவது தவறு.

வீட்டிலிருந்து வரும் கணக்கு

மூன்றாம் அமர்வுக்கும் ஏழாம் அமர்வுக்கும் இடையில் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு வீடுகளுக்குப் போய்வர வேண்டும். கேட்க வேண்டியது: வீட்டில் எதை அளக்கிறீர்கள், எதை எண்ணுகிறீர்கள், எதில், எப்படி? பூக்கட்டுபவருக்கு முழம், பீடி சுற்றுபவருக்கு 25-க்கு ஒரு கட்டு வீதம் ஆயிரத்துக்கு 40 கட்டு, பின்னலாடையில் பீஸ் ரேட்டும் டஜனும். இடுக்குப் புள்ளிக் கோலத்தில் 5 புள்ளி 3 வரை என்றால் நடு வரிசையில் 5, இரு பக்கமும் 4, 3, ஆக 19 புள்ளி. ஆசிரியர்களுக்கு 15 புள்ளி 8 வரை கொடுங்கள், 169 வரும், அது 13-ன் வர்க்கம்.

பெற்றோரின் தொழிலை அட்டையில் வரைந்து ஒட்டிவிட்டு, பாடத்தில் பழைய கணக்கையே போடுவதில் பயனில்லை. அந்தத் தொழிலில் ஆட்கள் உண்மையில் செய்யும் கணக்கு வகுப்புக்கு வர வேண்டும். ஒரு பிள்ளையின் வீட்டுக் கூலியையோ கடனையோ எல்லோர் முன்னாலும் சொல்ல வைக்கக் கூடாது. பிள்ளையும் வேலை செய்கிறதா என்று துருவும் வீட்டுப்பாடமும் கூடாது.

படி 6: யாருக்கு எந்தக் கேள்வி போகிறது (அமர்வு 9)

ஜோடியில் ஒருவர் பாடம் நடத்தும்போது மற்றவர் 20 நிமிடம் கணக்கெடுக்கட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று குறிப்பு: எந்தப் பிள்ளை, ‘எவ்வளவு’ வகையா ‘எப்படி, ஏன்’ வகையா, பதிலுக்குக் காத்த விநாடி எத்தனை. அமெரிக்காவில் மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட ஆய்வுகள், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதையும், மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்வதையும் காட்டின. மனதுக்குள் மொழி மாற்றி யோசிக்கும் பிள்ளைக்கு மூன்றும் குறைவு. ஐந்திலிருந்து பழக்குங்கள்.

தாளை வீட்டுமொழிவாரியாகப் பிரித்துக் கூட்டினால், ‘ஏன்’ கேள்விகள் சில பிள்ளைகளுக்கு மட்டுமே போயிருப்பது தெரியும். இது வன்மத்தால் வருவதில்லை, பிள்ளை திணறக் கூடாதே என்ற பரிவால் வருகிறது. அதனால்தான் எண்ணிப் பார்க்காமல் பிடிபடாது. அடுத்த பாடத்துக்கு, வேற்றுமொழி வீட்டுப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு ‘எப்படி’ கேள்வி என்று பாடக்குறிப்பில் பெயர் போட்டு எழுதட்டும்.

2022-ல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய, அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பார்க்கிறோம். கணக்கில் ஒரு பிள்ளையை அரும்பில் வைக்கும் முன், அதே திறனைப் பொருட்களோடு, பிள்ளை எண்ணும் மொழியில், வாய்மொழியாக ஒருமுறை சோதித்தே ஆக வேண்டும். 47-ஐக் கட்டும் உதிரியுமாக வைக்கத் தெரிந்த பிள்ளை, ‘நாற்பத்தேழு’ என்ற சொல் தெரியாததால் மட்டும் அரும்பில் இருக்கலாகாது.

படி 7: மதிப்பிடுதல், தொடர்ந்து பார்த்தல் (அமர்வு 10)

ஒரு விடைத்தாளுக்கு இரண்டு மதிப்பெண் போடப் பழக்குங்கள்: கணக்கு யோசனைக்கு ஒன்று, பாடமொழியில் எழுதியதற்கு ஒன்று. இரண்டையும் கூட்ட வேண்டாம். கூட்டினால் மறுபடி எது எதுவென்று தெரியாமல் போகும். வினாவை வாசித்துக் காட்டுவதும், படத்தால் விடை சொல்வதும் சலுகை ஆகாது. வாசிப்பைச் சோதிக்கும் தேர்வு அல்ல இது.

பத்தாவது அமர்வோடு விட்டால் இரண்டு மாதத்தில் பழைய பாணி திரும்பிவிடும். அடுத்த பருவத்தில் மாதம் ஒருமுறை பள்ளிக்குப் போங்கள். முழுப் பாடத்தையும் மதிப்பிடாமல், கேள்விக் கணக்குத் தாள் ஒன்று, பேட்டிப் பதிவு ஒன்று, இவற்றை மட்டும் ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். அரை மணி போதும். பயிற்சி பெற்றவர் குறுவள மையத்தில் (சுற்றுப்புறப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடம்) மற்றவர்களுக்கு நடத்துவதாக இருந்தால், விளக்கத் தாள்களை விட்டுவிட்டு 4-ஆம் படியின் பதிவுகளைக் கொண்டுபோகட்டும், ஏனெனில் கைமாறும்போது முதலில் தொலைவது பிள்ளையின் குரல்தான்.

பிள்ளையின் மொழி ஆசிரியருக்குச் சுத்தமாகத் தெரியாத இடங்களில், பெற்றோர் ஒருவரிடம் 1 முதல் 100 வரையிலான எண்கள், பாதி, கால், அதிகம், குறைவு, மீதி, சமம், ஒவ்வொருவருக்கும் ஆகியவற்றைப் போனில் சொல்ல வைத்துப் பதிந்துகொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. ஆசிரியர் ஒரு வாரம் அதைக் கேட்டாலே, அந்தப் பிள்ளை வாய்க்குள் முணுமுணுத்து எண்ணுவது எந்த எண் என்று பின்தொடர முடியும்.